தாய்வழி இழையும் பாலக்காட்டுக் கணவாயும்

மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை ஓய்வுநாட் பாடசாலையில் மனப்பாடஞ் செய்ய முயன்றவர் எவரும் அதிலுள்ள பெயர் வரிசையின் நீளத்தை மறந்திரார். ஆபிரகாமில் தொடங்கும் அவ்வரிசை பெரும்பாலும் தந்தையர் பெயர்களாலேயே ஆயது. தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி, இறுதியில் மரியாள் என ஐந்து தாய்மாரே இடையிடையே தோன்றுவர். மற்றைத் தாய்மார் யாவர் என்பதை நூல் கூறவில்லை. நம் கொங்குநாட்டுக் குலவரலாறுகளும் பெரும்பான்மை இந்நெறியினவே.

ஆயின் உயிர்களின் உடம்பினுள்ளே இதற்கு மறுதலையான வமிசாவளியொன்று வரையப்பட்டுள்ளது. அதன்கண் தந்தை ஒருவனுக்கும் இடமில்லை. தாய், தாயின் தாய், அவள் தாய் எனப் பின்னோக்கிப் பல்லாயிரம் தலைமுறைகளுக்கு அது செல்கிறது. அவ்வேட்டைப் படிக்கும் கலை இற்றைநாளில் வனவிலங்குகளைக் காக்கும் தொழிலுக்குத் துணையாக வந்துள்ளது. அத்துணையை நம் நாடு முழுமையாகக் கொள்ளவில்லை என்பதும், யானையொன்றைப் பிடித்து லாரியிலேற்றி வேறு காட்டில் விடுவதற்கு முன்பு அவ்வேட்டைப் படித்தல் கட்டாயமாக்கப்படல் வேண்டும் என்பதும் யான் ஈண்டுக் கூறப் புகுந்தவை. தமிழ் பயில்வோனுக்கு உயிர்நூலில் என்ன வேலை என்று விலங்கியல் வகுப்பு நண்பர் நகைப்பர். நகைக்கட்டும், ஏடு படித்தல் எம் தொழிலே யாதலின் சிறிது உரிமை எமக்கும் உண்டு.

உயிரணு ஒவ்வொன்றின் நடுவேயும் உட்கரு என்பதொன்று உளது. தாயும் தந்தையும் சரிபாதியாக வழங்கிய மரபெழுத்து அதனுள் அடங்கியிருக்கிறது. உட்கருவுக்குப் புறம்பே, உண்ட உணவை ஆற்றலாக மாற்றும் நுண்ணுறுப்புக்கள் பல உள. மைட்டோகாண்டிரியா என்பது அவற்றின் பெயர். கிரேக்க மொழியில் மிட்டோஸ் என்பது நூலிழை, சிறப்பாகத் தறியின் பாவு நூல். காண்டிரியான் என்பது சிறு மணி. இவற்றைத் தமிழில் இழைமணி என்று பெயர்த்தவர் செவ்விதாகவே பெயர்த்தார். சென்னிமலையில் தறியொலி கேட்டுத் துயிலெழுந்து வளர்ந்த எனக்கு இப்பெயர் மிக உவப்பானது. போர்வை நெய்வார் எவரைக் கேட்பினும் சொல்வர்: தறியில் ஒருமுறை பூட்டிய பாவு துணியின் நீளம் முழுதும் அதே நூலாய் ஓடும், ஊடையோ நாடாவோடு குறுக்கே போந்து இடந்தோறும் மாறும். இழைமணியும் தனக்கென ஒரு சிறு மரபெழுத்தைக் கொண்டது. தந்தையின் இழைமணி கருவில் அழிந்துபடுதலால் தாயினுடையதே மகனுக்கும் மகளுக்கும் வருகிறது. மகன் அதனைத் தன் மக்களுக்குத் தர இயலாது, மகளே தருவாள். ஆதலின் அது பாவு போல்வது.

மனிதருடைய இழைமணியெழுத்து முழுவதும் 1981 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரத்தாரால் படித்து வெளியிடப்பட்டது. அதில் 16,569 எழுத்துக்களும் 37 மரபணுக்களும் உள. உட்கருவின் முந்நூறு கோடி எழுத்துக்களை நோக்க இஃது ஓர் ஓலைநறுக்கே. யானையினதும் ஏறத்தாழ 17 ஆயிரம் எழுத்தளவினது. இந்நறுக்கின் சிறப்பு அதன் படிகளின் பெருக்கத்தில் உள்ளது. ஓரணுவில் உட்கருவெழுத்து இரண்டு படியே இருக்க, இழைமணியெழுத்து நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கிறது. ஒரே படியாகக் கிடந்த சுவடி செல்லுக்கும் நெருப்புக்கும் இரையாகிப் பல நூல்கள் இறந்துபட்டதையும், பல ஊர்களிற் படியெடுக்கப்பட்டவை பிழைத்ததையும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் வரலாறு கற்றோர் அறிவர். அதுவே இங்கும் நிகழ்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் அற்றுப்போன குவாகா என்னும் வரிக்குதிரையின் உலர்ந்த தோலிலிருந்து 1984 ஆம் ஆண்டில் இவ்வெழுத்தின் ஒரு துண்டு படிக்கப்பட்டது. காட்டுவழியில் வெயிலிற் கிடக்கும் யானை இலத்தியிலும், குடலினின்று உதிர்ந்த அணுக்கள் ஒட்டியிருத்தலால், அஃது அகப்படும். யானையைத் தொடவும் வேண்டா. மயக்க ஊசியும் வேண்டா.

இனி, படித்த எழுத்திலிருந்து உறவை அறிவது எங்ஙனம்? பாடபேதம் ஆராய்வோர் முறையே இங்கும் முறை. ஏடெழுதுவோன் ஒரு பிழை செய்தால் அவ்வேட்டைப் பார்த்து எழுதியவரெல்லாம் அப்பிழையையும் எழுதுவர். ஒரே பிழையை உடைய இரண்டு சுவடிகள் ஒரு தாய்ச்சுவடியினின்று வந்தன என்று கொள்கிறோம். இழைமணியெழுத்திலும் தலைமுறைதோறும் அரிதாகப் பிழைகள் புகுகின்றன. ஒத்த பிழையுடையன ஒரு தாய்க்கிளையைச் சேர்ந்தவை. எத்துணைப் பிழைகள் வேறுபடுகின்றன என்பதைக் கொண்டு எப்பொழுது பிரிந்தன என்றும் ஒருவாறு கணிக்கலாம்.

இதனால் விளைந்த பயன்கள் பல. ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த வர்மாவும் லால்ஜி சிங்கும் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையால், சமைத்த இறைச்சித் துண்டு மானினதா ஆட்டினதா என்பதைச் சைட்டோகுரோம் பி என்னும் இழைமணி மரபணுவைக் கொண்டு நீதிமன்றத்தில் நிறுவ முடிகிறது. நம் வரையாட்டின் குலமும் இவ்வாறே வெளிப்பட்டது. ஐரோப்பிய விலங்கியலார் அதனை இமயமலையின் தார் ஆட்டோடும் அரபு நாட்டுத் தார் ஆட்டோடும் ஓரினமாக்கி வைத்திருந்தனர். 2005 ஆம் ஆண்டில் ரோப்பிக்கே, ஹசானின் என்னும் இருவர் இழைமணியெழுத்தோடு உட்கருவெழுத்தையும் ஒப்பிட்டு, இமயத்தது வெள்ளாட்டுக்கும் நம் மலையினது செம்மறிக்கும் நெருங்கியவை என்று காட்டினர். ஐங்குறுநூற்றில் வருடை என்று வழங்கும் விலங்கு இதுவே என்பர். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் பொதுவாய் ஆடு என்றே நாம் வழங்கி வந்தமையால் நம் பெயர் பிழைபடாது நின்றது. இதனைக் கொண்டு முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்று முழங்குவாரோடு யான் சேரேன். பொதுச்சொல் தற்செயலாய்ப் பிழைத்தது, அவ்வளவே.

நிற்க. எம்மூரில் ஆனி ஆடித் திங்களில் வீசும் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வருவது. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் நிற்க, இடையே மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலத்துக்கு அற்றுக் கிடக்கிறது. இவ்விடைவெளியின் வழியே இரயிற்பாதையும் நெடுஞ்சாலையும் கொங்குநாட்டைச் சேரநாட்டோடு இணைக்கின்றன. மனிதருக்கு வாயிலாகிய இதுவே உயர்மலை உயிர்கள் பலவற்றுக்குச் சுவராயிருந்தது. சோலைகளில் வாழும் சிறிய நீலப் பறவையொன்று கணவாய்க்கு வடபாலும் தென்பாலும் நெடுங்காலம் தனித்தனியே வாழ்ந்து இரண்டு இனங்களாகப் பிரிந்துவிட்டதை இழைமணியெழுத்துக் காட்டியது.

பறவை சிறிது, பனிமூட்டச் சோலையை விட்டு இறங்காதது. ஒரே இரவிற் பல காதம் நடக்கும் யானைக்கும் இக்கணவாய் சுவராகுமோ? இவ்வினாவுக்கு 2005 ஆம் ஆண்டில் வித்யா, பிருதிவிராஜ் பெர்னாண்டோ, மெல்னிக், சுகுமார் ஆகியோர் ஹெரிடிட்டி என்னும் ஆராய்ச்சி இதழில் விடை தந்தனர். நீலகிரியும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சேர்ந்த பகுதி, ஆனைமலை, பெரியாறு என்னும் மூன்று இடங்களின் யானைகளை அவர்கள் ஆராய்ந்தனர். ஆனைமலையும் பெரியாறும் தம்முள் வேறுபடவில்லை. அவ்விரண்டினின்றும் நீலகிரிப் பகுதி தெளிவாக வேறுபட்டது. 40 கிலோமீட்டர் இடைவெளி இவ்வேற்றுமையைச் செய்தது; 15,000 சதுர கிலோமீட்டர் பரந்த நீலகிரிப் பகுதிக்குள்ளோ ஊருக்கு ஊர் வேற்றுமை ஏறக்குறைய இல்லை.

அவர்கள் கண்ட மற்றொன்று இன்னும் வியப்பானது. நீலகிரிப் பகுதியின் யானைத்தொகுதி ஆசிய யானைத்தொகுதிகளுள் உலகிலேயே மிகப் பெரியது. அத்துணைப் பெருங்கூட்டத்தில் அவர்கள் கண்ட தாய்க்கிளை ஒன்றே ஒன்று. சிறிய கூட்டங்களாகிய தெற்கத்தியவை இதனினும் மிக்க வேறுபாடு உடையனவாயிருந்தன. தலைகளை எண்ணி மகிழும் நமக்கு இஃது ஓர் எச்சரிக்கை. முன்னொரு காலத்தில் இக்கூட்டம் மிகச் சிறுத்து, சில தாய்மாரினின்றே மீண்டும் பெருகியிருத்தல் கூடும். சத்தியமங்கலத்துக் காட்டில் நூறு யானை நிற்பின் நூறும் ஒரே பாவில் நெய்த துணியாயிருக்கலாம்.

ஆயின் ஒன்று நினைக்கத்தக்கது. அவ்வாராய்ச்சியில் 17 ஆயிரம் எழுத்தில் ஒரு சிறு பகுதியே படிக்கப்பட்டது. அக்காலத்துப் பொருட்செலவுக்கு அதுவே இயன்றது. முதல் ஏட்டை மாத்திரம் ஒப்பிட்டு இரண்டு சுவடியும் ஒன்றே என்று கூறுதல் போல்வது இது. கரிபியன் கடலில் முட்டையிடும் பேராமைகளின் செய்தியை இதனோடு வைத்து எண்ணுக. பல கரைகளின் ஆமைகள் ஒரே தாய்க்கிளை என்று சிறுபகுதியைப் படித்தோர் கருதியிருந்தனர். 2012 ஆம் ஆண்டில் இழைமணியெழுத்து முழுவதையும் படித்தபோது அவை வெவ்வேறு கிளைகளாகப் பிரிந்தன. எக்கரையைக் காத்தால் எவ்வாமைக்கு நலம் என்பதும் மாறிற்று. நீலகிரியின் ஒற்றைத் தாய்க்கிளையும் முழுவதும் படிக்குங்கால் பலவாகப் பிரியுமா, ஒன்றாகவே நிற்குமா? எவ்விடை வரினும் அது நமக்கு வேண்டிய விடை. முழு எழுத்தையும் படித்தல் இந்நாளில் அரிய செயலன்று.

இவ்வேடுகளை நாம் படியாமலே யானைகளை இடம் மாற்றி வருகிறோம். 2019 ஆம் ஆண்டு ஜனவரியில் கோயம்புத்தூருக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் சின்னத்தம்பி என்று ஊரார் பெயரிட்டழைத்த களிறு பிடிக்கப்பட்டது. அப்பள்ளத்தாக்கு கணவாய்க்கு வடபால் உள்ளது. அதனைக் கொண்டுபோய் விட்டது தென்பாலாகிய ஆனைமலைக் காட்டில். சில நாட்களில் அது காட்டைவிட்டு வெளியேறி உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் திரிந்தது. பிப்ரவரியில் மீண்டும் பிடிபட்டு வரகளியாற்றுக் கூண்டிலடைபட்டுப் பின்னர்க் கும்கியாயிற்று. 2023 ஆம் ஆண்டு பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தில் மக்னா என்னும் கொம்பில்லாக் களிறொன்றைப் பிடிக்கச் சென்ற கும்கி இச்சின்னத்தம்பியே. அம்மக்னாவையும் டாப்சிலிப்பில் விட்டனர். அது பொள்ளாச்சி வழியாக வடக்கே நடந்து, மதுக்கரை கடந்து, கோயம்புத்தூர் நகரத்தின் புறத்தே வந்து நின்றது! கணவாய் சுவரென்று ஏடு கூறியிருக்க, களிறு சில நாட்களில் அதனைக் கடந்துவிட்டது. மீண்டும் பிடித்து மீண்டும் ஆனைமலைப் பக்கமே விட்டனர்.

அவ்வாண்டிலேயே ஏப்ரலில் மூணாற்றுக்கு அருகே சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பன் பெரியாற்றில் விடப்பட்டு, மே மாதம் கம்பம் நகருக்குள் இறங்கி, ஜூன் மாதம் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகப்பட்டது. இதிலும் ஒரு கணவாய் கடக்கப்பட்டது. அது செங்கோட்டைக் கணவாய். 2024 ஆம் ஆண்டில் பெங்களூர் உமா இராமகிருஷ்ணனும் அவரோடு உழைத்தோரும் யானைகளின் மரபெழுத்து முழுவதையும் படித்து வெளியிட்ட ஆராய்ச்சி, தென்னாட்டு யானைகள் பாலக்காட்டுக் கணவாயாலும் செங்கோட்டைக் கணவாயாலும் மூன்று தொகுதிகளாகப் பிரிந்துள்ளன என்றும், தென்கோடித் தொகுதி மிகச் சிறியதும் வேறுபாடு குறைந்ததுமாய் நிற்கிறது என்றும் கூறுகிறது. அஃதாவது, நூல் வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்னரே அந்நூலின் எல்லைக்கோட்டை லாரி கடந்துவிட்டது.

ஈண்டு விலங்கியல் நண்பர் ஒரு தடை எழுப்பக்கூடும். எழுப்பினால் அது நல்ல தடை. சின்னத்தம்பியும் மக்னாவும் அரிக்கொம்பனும் களிறுகள். களிறு தன் இழைமணியை மக்களுக்குத் தருவதில்லை என்று மேலே கூறினேன். எனவே வடபாற் களிறு தென்பால் வாழ்ந்து கன்றுகளை ஈட்டினாலும் தென்பாற் தாய்க்கிளையில் ஓரெழுத்தும் மாறாது. அங்ஙனமாயின் இழைமணியைப் படித்து என்ன பயன்?

இவ்விடத்தில்தான் இக்கலையின் வலிமையும் வலியின்மையும் ஒருங்கே தெரிகின்றன. பிடி தன் தாயோடும் தமக்கையரோடும் பிறந்த காட்டிலேயே வாழ்வது. களிறு பருவமெய்தியதும் கூட்டத்தைப் பிரிந்து திரிவது. பிடியே பாவு, களிறே ஊடை. பாவு அறாமல் இருக்கிறதா, எங்கு அறுந்தது என்பதை இழைமணி கூறும்; ஊடை எங்கிருந்து வந்தது என்பதைக் கூறாது. ஆப்பிரிக்காவில் இதனை மறந்தோர் இடர்ப்பட்டனர். புல்வெளி யானைகள் சிலவற்றின் இழைமணி காட்டு யானையினுடையதாக இருந்தது. அதனைமட்டும் நோக்கினோர் இரண்டும் ஓரினமே என வாதித்தனர். உட்கருவெழுத்தையும் படித்த ரோக்கா முதலியோர் 2005 ஆம் ஆண்டில் உண்மையை விளக்கினர்: முற்காலத்தில் காட்டுப் பிடிகளைப் புல்வெளிக் களிறுகள் தலைமுறை தலைமுறையாகக் கூடியமையால் உடம்பு முழுதும் புல்வெளிக்கு மாறியும் தாய்வழி இழைமட்டும் காட்டினதாய் எஞ்சிற்று. ஒரே சாட்சியின் சொல்லைக்கொண்டு வழக்கை முடிக்கலாகாது என்பது மோசேயின் பிரமாணத்திலும் உண்டு. தாய்ச்சாட்சியையும் உட்கருச்சாட்சியையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். பிடியையோ கூட்டத்தையோ மாற்றும்போது முன்னது இன்றியமையாதது. களிற்றை மாற்றும்போது பின்னது.

வேறொரு தடை உழவருடையது. அவர் கூறுவதே எனக்குக் கனமாகத் தோன்றுகிறது. வாழைத்தோட்டத்தில் யானை நிற்கையில், வீட்டுச் சுவர் இடிகையில், நெருங்கியோர் உயிரிழக்கையில், எழுத்தைப் படித்துக் கொண்டிருப்பீரோ என்று அவர் கேட்பார். அக்கேள்வியை நகையாடுவோர் தடாகத்திலோ மதுக்கரையிலோ ஓரிரவு தங்கிப் பார்க்கட்டும். ஆனால் பிடிக்கப்படும் யானைகள் நேற்று வந்த அந்நியர் அல்லர். சின்னத்தம்பிக்கு ஊரார் பெயரிட்டிருந்தனர். அதன் நடமாட்டத்தைப் பல காலமாக அறிந்திருந்தனர். பெயரிட நேரமிருந்த நமக்கு அதன் இலத்தியில் ஒரு கைப்பிடி எடுத்து வைக்கவும் நேரமிருந்தது. பிடிக்கும் நாளுக்கு முன்பே விடை கைவசம் இருந்திருக்கும்.

மூன்றாவதாக, கலப்பு நன்றே. சிறுத்த கூட்டத்துக்குப் புதுக்குருதி வேண்டாமோ என்பர் சிலர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் தம்முள்ளேயே கூடி நலிந்த பூமாக்களிடையே 1995 ஆம் ஆண்டில் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொணர்ந்து விட்டனர், அவ்வினம் மீண்டது. தென்கோடி யானைகளுக்கும் அத்தகைய உதவி வேண்டியதாகலாம். அங்ஙனமாயின் எதனை, எங்கிருந்து, எத்தனை என்று ஆய்ந்து செய்க. புளோரிடாவில் அறிந்து செய்ததை, தோட்டத்தில் அகப்பட்ட களிற்றை வைக்க இடமின்மையால் நாம் அறியாது செய்வது எனக்கு உடன்பாடன்று.

வடபால் யானைகளை வடபாலே விடுவதில் இடரில்லை என்றும் யான் கூறேன். தடாகத்துச் செம்மண் செங்கற்சூளைகளுக்காக வெட்டப்பட்டுப் பெருங்குழிகளாயது. 2021 ஆம் ஆண்டு நவம்பரில் மதுக்கரைப் பக்கத்து இரயிற்பாதையில் ஒரே இரவில் மூன்று யானைகள் அடிபட்டு இறந்தன. எழுத்தைப் படித்தலால் குழி மூடாது, இரயில் நில்லாது. ஆயினும் நீலகிரி முதல் கிழக்குத் தொடர்ச்சி மலைவரை ஒரே கூட்டம் என்று 2005 இல் ஏடு கூறிவிட்டது. அக்கூட்டத்தின் நடுவே வேலியும் விடுதியும் எழுப்பி வழியை அடைப்போருக்கு எதிரே வைக்க இதனினும் வலிய ஆவணம் வேறில்லை. யானைவழி என்பது வனத்துறையின் கற்பனை என்பாரிடம், இவ்விரு மலைப் பிடிகளும் ஒரே தாய்க்கிளை. இடையே வழியில்லாமல் இஃது எங்ஙனம் ஆயிற்று என்று கேட்கலாம்.

இதற்குப் புதிய ஏற்பாடுகள் மிக வேண்டா. டேராடூனிலுள்ள இந்திய வனவுயிர் நிறுவனம் நடத்தி 2025 ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட யானைக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 21,056 இலத்தி மாதிரிகள் சேர்க்கப்பட்டன. உட்கருவெழுத்தின் சில இடங்களைக் கொண்டு 4,065 யானைகள் தனித்தனியே அடையாளங் காணப்பட்டு, மொத்தம் 22,446 என்று மதிப்பிடப்பட்டது. இலத்தி பொறுக்கி எழுத்துப் படித்தல் நம் நாட்டுக்குக் கைவந்த தொழில் என்பது இதனால் தெளிவு. அம்மாதிரிகளுள் கொங்குநாட்டின் இருபுறத்தனவற்றை எடுத்து, இழைமணியெழுத்தை முழுவதும் படித்து, கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் வன அலுவலகங்களில் ஒரு பதிவேடாக வைக்கலாம். ஊரார் பெயரிட்ட யானை ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கட்டும். லாரிக்கு உத்தரவு எழுதும் அதிகாரி அப்பக்கத்தைப் பார்த்து, எண்ணைக் குறித்து, கணவாயின் எப்புறம் என்று எழுதிய பின்னரே கையொப்பமிடட்டும்.

நம் கல்லூரி விலங்கியற் பகுதியார் இவ்வாண்டுக் கோடை விடுமுறையில் வெள்ளியங்கிரி அடிவாரத்துக்குச் செல்ல எண்ணியிருப்பதாகக் கேள்வியுற்றேன். வனத்துறையின் இசைவு பெற்றுச் செல்வராயின், பாடபேதம் குறிக்கப் பழகிய தமிழ் மாணவர் இருவரையும் உடன் அழைத்துக்கொள்வாராக. இலத்தி சுமக்கவும் நாங்கள் கூசோம்.